பெடலை விட்டால் நிற்கும் வண்டி

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய பேருந்துகள் ஒருகாலத்தில் இளைப்பாறிச் சென்ற நாற்சந்தி ஆயர் ஈத்தாம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின் பேருந்துகள் மேலே பறந்துவிட்டன. மட்பாண்டக் கடைகளும் குளுவாங் பக்கம் விரியும் செம்பனைத் தோட்டங்களும் மிச்சம். அங்கே ஒரு தேநீர்க் கடையில் நான் உட்காரவைத்திருக்கும் இருவரும் கற்பனை. ஒருவர் ஹைட்ரோஸ்டாட்டிக் சிறு டிராக்டர் விற்க வந்தவர், பளபளப்பான விளம்பரத்தாளின் தமிழிலேயே பேசுகிறவர். மற்றவர் ஒரு தோட்டத்து மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். இவர்கள் தகராறு பண்ணும் விஷயம் மட்டும் கற்பனையல்ல.

விற்பனையாளர்: வணக்கம் ஐயா. இந்த வண்டியில் கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் தேட வேண்டாம். காலடியில் ஒரே பெடல். அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூடப் பத்து நிமிடத்தில் மேட்டில் ஏற்றிவிடுவார். ஏறும் திறன் 40. சரிவு என்ற ஒன்று தோட்டத்தில் இருப்பதையே நீங்கள் மறந்துவிடலாம்.

மண்டோர்: அந்த 40 பாகையா, சதவீதமா தம்பி?

விற்பனையாளர்: நாற்பது என்றால் நாற்பதுதான் ஐயா.

மண்டோர்: அப்படிச் சொல்லித்தான் ஆளைக் கவிழ்க்கிறீங்க. நூறு மீட்டர் முன்னால போறதுக்குள்ள நாற்பது மீட்டர் மேல ஏறினா அது 40 சதவீதம். பாகையில பார்த்தா 22கூட வராது. 40 பாகை மேடுன்னா அது 84 சதவீதம். உங்க தாள்ல எது இருக்குன்னு உங்களுக்கே தெரியல, ஓட்டப் போற பையனுக்கு எப்படித் தெரியும்? மலேசிய செம்பனைச் சான்றிதழ் விதி 25 பாகைக்கு மேலே புதுசா நடவே வேணாம்னு சொல்லுது. நீங்க என்னடான்னா 40 பாகையில பழம் ஏத்தப் போறீங்க. அந்த எண்ணே எதுக்கு வந்துச்சு? காய்ஞ்ச கெட்டித் தரையில, நேரா மேலே ஏறும்போது இன்ஜின் திணறாம இருக்கிறதுக்கு. நம்ம ஊர் மண் பூச்சாடிக்குத் தோதான களி. நவம்பர்ல வடகிழக்கு மழை பிடிச்சுக்கிட்டா, இன்ஜினுக்கு இருக்கிற பலத்தை டயர் தரையில இறக்க முடியாது.

விற்பனையாளர்: மழை இருக்கட்டும், நாம் கடந்துவந்த பாதையைப் பாருங்கள் ஐயா! பழைய கியர் டிராக்டரில் இறக்கத்தில் கியர் மாற்றப் போய், அது விழாமல் நடுவில் நின்று, வண்டி தலைதெறிக்க ஓடியதில்லையா? இதில் அந்த ஆபத்தே இல்லை. பெடலை விட்டால் எண்ணெயே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும்.

மண்டோர்: பாதி நிஜம், ஒத்துக்கிறேன். இன்ஜின் பம்பைச் சுத்துது, பம்பு எண்ணெயைத் தள்ளுது, அந்த எண்ணெய் மோட்டாரைச் சுத்தி சக்கரத்தை உருட்டுது. இறக்கத்துல இது தலைகீழ். சக்கரம் மோட்டாரைச் சுத்தும், மோட்டார் எண்ணெயை பம்புக்குத் திருப்பித் தள்ளும், இன்ஜின் எதிர்த்து நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனா அந்த பம்புக்குள்ள எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா கசியத்தான் செய்யும். சூடேறி எண்ணெய் நீர்த்துப்போனா இன்னும் கசியும். பெடலை விட்டுட்டு இறங்கிப் பழக்குலை பொறுக்கப் போனா, வண்டி தானா ஊர ஆரம்பிக்கும். அதுக்குத்தான் கைபிரேக். அடுத்தது ரேஞ்ச் லிவர். கியரே இல்லைன்னு சொல்றீங்க, ஆனா வேகம் கூட்டக் குறைக்க ஒரு லிவர் இருக்கு. சரிவுல நின்னுக்கிட்டு அதை மாத்தினா, நடுவுல ஒரு கணம் சக்கரத்துக்கும் பம்புக்கும் சம்பந்தமே இருக்காது. நீங்க சொன்ன அதே பழைய கியர் விபத்து, புது பெயிண்ட்ல. மூணாவதும் ஒண்ணு. இரண்டு சக்கர ஓட்டத்துல இறங்கினா பிடிக்கிறது பின் டயர் மட்டும். இறக்கத்துல பாரமெல்லாம் முன்னால சாயும், பின் டயர் லேசாகும். அது வழுக்கினா உள்ளே எண்ணெய் எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் சக்கரம்தான் நிற்கும், வண்டி நிற்காது. நாலு சக்கரத்தையும் மேலேயே இணைச்சுட்டு, சின்ன ரேஞ்ச்ல இறங்கணும். இதையெல்லாம் பத்து நிமிஷத்துல சொல்லித்தருவீங்களா?

விற்பனையாளர்: நீங்கள் கேமரன் மலைக்குச் சொல்வதை ஆயர் ஈத்தாமுக்குச் சொல்கிறீர்கள். இங்கே இருப்பது மலையா? புடைத்த மேடு!

(இதை அவசரப்பட்டு மறுக்க முடியாது. ஆயர் ஈத்தாமைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் தாழ்ந்த குன்றுகள்தாம். ஆனால் கவிழ்வதற்கு டிராக்டருக்குத் தேவை மலையின் உயரமல்ல, அதன் இரு சக்கரங்களுக்கு இடையில் உள்ள சாய்வுதான். அது ஒரு வாய்க்கால் கரையிலும் கிடைக்கும்.)

மண்டோர்: உதாரணத்துக்கு ஒரு கணக்கு. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இடைவெளி 1.1 மீட்டர், வண்டியோட எடை மையம் தரையிலேர்ந்து 65 சென்டிமீட்டர். அசையாம, மேடுபள்ளம் இல்லாத தளத்துல பக்கவாட்டுல சாய்ச்சா, 40 பாகை வரைக்கும் தாங்கும். இப்ப பின்னால தொட்டியில பழம் ஏத்தி, எடை மையம் 85க்குப் போகட்டும். 33 பாகைக்குள்ள முடிஞ்சுது. மேல் சக்கரம் 15 சென்டிமீட்டர் மர அடிக்கட்டையில ஏறுது, கீழ் சக்கரம் அதே அளவு குழியில இறங்குது. 15 பாகை கூடிப்போச்சு. அப்ப 18 பாகைச் சரிவே போதும். முன் அச்சு நடுவுல ஆடுற மாதிரி இருக்கிறதால, வண்டியைத் தாங்குறது நாலு புள்ளியில்ல, கிட்டத்தட்ட முக்கோணம். அதனால உண்மையான எல்லை இன்னும் கீழே. இதுல ஓட்டுபவர் திருப்பின வேகம், பிரேக் போட்ட குலுக்கல் எதையும் நான் சேர்க்கவேயில்லை. தொட்டியை உயர்த்தி லோரியில கொட்டும்போது என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

விற்பனையாளர்: அதற்குத்தான் தலைக்கு மேலே இரும்பு வளையமும் சீட் பெல்ட்டும் தருகிறோம். மட்டை இடித்தால் வளையத்தை மடித்துக்கொள்ளலாம், அதுவும் வசதிதான்.

மண்டோர்: மடிச்ச வளையத்தோட பெல்ட்டும் போட்டா, கவிழ்ந்த வண்டியோடயே ஆளைக் கட்டிப்போட்டதாகும். நிமிர்த்திவச்சா பெல்ட் கட்டணும், மடிச்சா கட்டக்கூடாது. மடிச்சபடி சரிவுக்குப் போகவே கூடாது. சுவீடன்ல 1959லயே புது டிராக்டருக்கெல்லாம் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம்னு சட்டம் போட்டாங்க. அடுத்த முப்பது வருஷத்துல டிராக்டர் கவிழ்ந்து சாகிற விகிதம் பத்துல ஒரு பங்குக்கும் கீழே போச்சு. ஓட்டுநர்கள் திடீர்னு ஞானிகள் ஆகிட்டாங்களா? இல்லை. இரும்பு வளையம் மடியல, அவ்வளவுதான். நம்ம நாட்டுலயும் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதியிலேர்ந்து கிட்டத்தட்ட எல்லா வேலையிடத்தையும் சேர்த்துக்கிச்சு. முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரைக்கும் போகலாம். உங்க வண்டி விலை எவ்வளவு தம்பி?

விற்பனையாளர்: அவ்வளவு கிடையாது ஐயா. சரி, கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒரு குலை இருபது கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும் முதுகைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வண்டியை மறுத்தால் மறுபடியும் மனித முதுகுதானே?

விளம்பரத்தாளில் இல்லாத ஒரே நல்ல வாதம் இதுதான், மண்டோரும் கொஞ்சம் யோசித்தார். தோட்டத்தில் ஆள் கிடைப்பது கடினம், கிடைத்தவரின் முதுகுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆகவே வண்டி வேண்டாம் என்பது நியாயமான பதிலாக முடியாது. சரிவுக்கு வண்டியைக் கொண்டுபோவதற்குப் பதிலாக, வண்டிக்கு ஏற்ற பாதையைச் சரிவில் வெட்டுவதுதான் பதில் என்பது என் எண்ணம். அதற்கும் பணமும் வடிகாலும் வேண்டும்.

மண்டோர்: படிவரிசையிலேர்ந்து பாதை வரைக்கும் தள்ளுவண்டி. பாதையில டிராக்டர், நேரா ஏறி நேரா இறங்கட்டும். குறுக்கே ஓட்டவேணாம். சக்கர இடைவெளியை அகலப்படுத்தித் தாங்க, சக்கரத்துக்கு எடைக்கட்டி, தொட்டியைத் தாழ்வா. இழுவைப்பெட்டிக்குத் தனி பிரேக், இல்லாட்டி இறக்கத்துல அதுவே வண்டியைப் பின்னாலேர்ந்து தள்ளும். இதெல்லாம் சேர்த்தா வாங்கச் சொல்றேன். ஆனா முதல்ல அந்தக் கிழக்கு மேட்டுல நீங்களே ஒருமுறை பழத்தோட இறக்கிக் காட்டுங்க.

விற்பனையாளர்: அது வந்து ஐயா... எங்கள் கம்பெனி காப்புறுதிப்படி டெமோ சமதளத்தில் மட்டும்தான். பக்கத்தில் பள்ளிக்கூடத் திடல் ஏதும் இருக்கிறதா?