நீலகிரித் தைலத்துக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியா

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து முதலில் இறங்குவது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. நீலகிரித் தைலம். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டால் போதும், மூக்கடைப்பு சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிடும். ஆனால் இந்தத் தைலம் தரும் மரத்துக்கும் நீலகிரிக்கும் பிறப்பால் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆள் ஆஸ்திரேலியா. குடக்கூலிக்கு வந்தவர், வீட்டுக்காரர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். கர்நாடகத்தில் கேட்டுப் பாருங்கள், மரத்தின் பெயரே ‘நீலகிரி’தான்.

அசல் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி. சோலைக்குள் நுழைந்தால் பகலிலேயே அந்தி. குட்டையான மரங்கள், முறுகிய கிளைகள், கிளையெல்லாம் பச்சைக் கம்பளி போர்த்திய மாதிரிப் பாசி, அதன்மேல் ஆர்க்கிட். வெளியே வந்தால் மொட்டையாகப் புல். இருவருக்கும் எல்லைத் தகராறு வந்ததில்லை, பஞ்சாயத்து பண்ண உறைபனி இருந்தது. சோலை மரத்தின் கன்று திறந்தவெளியில் தலை நீட்டினால் ஜனவரி இரவு அதைக் கருக்கிவிடும். நீலகிரியின் சாண்டிநல்லாவில் சதுப்பு மண்ணைத் தோண்டிச் சோதித்தவர்கள், அங்கே புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறது என்று கண்டார்கள். இதைவிடப் பழைய பட்டா தமிழ்நாட்டில் யாரிடம் இருக்கிறது?

1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். குளிர்ந்தது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஊர் ஞாபகம் வந்த வெள்ளைக்காரனைப் போல ஒரு மலைக்கு ஆபத்தானவன் கிடையாது. ஏக்கர் ஒரு ரூபாய் கணக்கில் மலைவாசிகளான தோடர்களிடம் நிலம் வாங்கினார், கல் வீடு கட்டினார், ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு போட்டார். தோடர்களின் ‘ஒத்தைக்கல் மந்து’ வெள்ளைக்கார வாயில் உருண்டு ‘ஊட்டகமண்ட்’ ஆயிற்று. நியாயமாகச் சொன்னால் சல்லிவன் மோசமானவர் இல்லை. நிலம் தோடர்களுக்கே பாத்தியம் என்று கம்பெனியோடு மல்லுக்கு நின்றவர். ஆனால் அவர் திறந்த கதவு வழியாக வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வந்தவர்களுக்குக் குளிர் வேண்டும், ஆனால் குளிரவும் கூடாது. ஆகவே கணப்பு, அதற்கு விறகு. சோலையை வெட்டினார்கள். சோலை மரமோ நம்மூர் சிவில் வழக்கு மாதிரி, தலைமுறை தாண்டி வளர்வது. சுற்றிலும் பார்த்தார்கள். அத்தனை புல்வெளியும் ‘சும்மா’ கிடந்தது! ரிக்கார்டில் தரிசு என்று எழுதினார்கள். 1830-களில் சீகை (வாட்டில்), 1840-களில் நம் தைலம் தரும் கற்பூர மரம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் பிடித்தார்கள். கூடவே, வீட்டு நினைவுக்காக ஸ்காட்ச் ப்ரூம் என்ற மஞ்சள் பூச்செடி. 1809-இல் கல்கத்தாவில் அழகுக்காக இறக்கிய உண்ணிச்செடியோ, யாரும் அழைக்காமலே நாடெங்கும் நடந்து இந்த மலையடிவாரத்துக் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு மட்டும் பாஸ்போர்ட் கேட்டிருக்கலாம்.

‘எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை’ என்று இந்த இடத்தில் முடித்துக்கொண்டால் எனக்கும் சௌகரியம், உங்களுக்கும் சௌகரியம். ஆனால் 1947-க்குப் பிறகுதான் நடவு சூடு பிடித்தது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை மூச்சு விடாமல் அடுக்கிய கபிலரின் வாரிசுகள் நாம். அவர் பாடிய திணைக்கே பெயர் கொடுத்த குறிஞ்சிச் செடி நின்ற சரிவைப் பார்த்து, “இங்கே ஒண்ணுமே இல்லையே சார்” என்றோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் நூலுக்குக் கற்பூர மரம் என்று ஐந்தாண்டுத் திட்டம் போட்டு நட்டோம். இதற்குக் ‘காடு வளர்ப்பு’ என்று பெயர். அந்தப் புல்லில் மேய்ந்த வரையாட்டிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

கற்பூர மரம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டுக்குத் தயார். வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி தழைக்கும். குறிஞ்சி பன்னிரண்டு வருடம் காத்திருந்து ஒரே ஒருமுறை பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். நிழல் கவிந்த இடத்தில் அதற்குப் பிழைப்பில்லை. இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு வந்தது. நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளியாகவே விட்ட ஒரு நீர்ப்பிடிப்பையும், கற்பூர மரம் நட்ட இன்னொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். முதல் சுற்று மரம் முடிவதற்குள் நட்ட பக்கத்து ஓடையில் தண்ணீர் 16 சதவீதம் குறைந்திருந்தது. ‘ஒண்ணுமில்லாத’ புல் அத்தனை காலமும் மழையைப் பிடித்து வைத்துக் கீழே பவானிக்குச் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்காத ஊழியர், லீவும் போட்டதில்லை. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது எல்லாம் தலைகீழ். நீதிமன்றம் அந்நிய மரங்களை அகற்றச் சொல்கிறது. 2022-இல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. நட்டவர்களே பிடுங்குகிறார்கள். சீகை அவ்வளவு சுலபமாகக் காலி செய்யுமா? அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு படுத்திருக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும், “கூப்பிட்டீர்களா?” என்று எழுந்து வரும். நட ஒரு கடப்பாரை போதுமாயிருந்தது. பிடுங்கவோ, வருடாவருடம் போய்க் கன்று களைந்து, புல்லைக் கையால் நட்டுக் காவலிருக்க வேண்டியிருக்கிறது.

2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும். கட்டாயம் போய்ப் பாருங்கள், பறிக்காமல் வாருங்கள். அதற்கு முன்னால் ஊட்டிப் பக்கம் போனாலும், பஸ் ஜன்னலில் மொட்டைப் புல்மேடு ஒன்று வந்தால் தயவுசெய்து “இங்கே நாலு மரம் வைக்கலாமே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் அப்படித்தான் ஆரம்பித்தார்.