காதுல ஓட்டை இருந்தா கம்மல் இருக்குன்னு அர்த்தமா?

ஏண்டா மாப்ள, உழவர் சந்தைக்குக் கத்தரிக்கா வாங்கக் கெளம்புன மனுசன வழிமறிச்சு, டேஷ்போர்டுக்கு அடியில தலைய நுழைக்க வச்சுட்டியே! கே.கே. நகரே பாக்கட்டும்னு செவப்பு சான் ஸ்டார்ம் வாங்குன, சந்தோசம். கோவாவுல செஞ்ச ரெண்டு சீட்டு வண்டி, கூரையக்கூடக் கழட்டலாம். மழை வந்தா கொடைய நீயே புடிச்சுக்க.

இப்ப என்ன கொறை? ஆன்லைன்ல வாங்குன ஸ்கேனர அங்க இருக்குற சாக்கெட்டுல சொருகுனியாம், அதுல லைட்டு எரிஞ்சுச்சாம், போன்ல மட்டும் ஒண்ணும் வரலையாம். ‘16 ஓட்டை இருக்கே மாமா, வண்டிக் கோளாறச் சொல்ற ஓ.பி.டி. 2 தானே?’ங்கிற. காது குத்துனவ எல்லாம் கம்மலோடயா திரியிறா? டார்ச் அடிச்சு, எந்த ஓட்டையில தகடு இருக்குன்னு எண்ணு. 4, 5ல எர்த்து, 16ல பேட்டரி கரண்ட்டு. லைட்டு எரிய அது போதும். 7லயோ, 6லயும் 14லயுமோ தகடு இருந்தா அதுக்கு வாய் இருக்குன்னு அர்த்தம். வாய் இருந்தாலும் உன் ஸ்கேனருக்குத் தெரிஞ்ச பாஷையப் பேசணுமே!

அதனால மொதல்ல வயசக் கேளு. ஆர்.சி.ல பதிவுத் தேதிங்கிறது கல்யாண நாளு. தயாரிச்ச மாசமும் வருசமுந்தான் பொறந்த நாளு. அமெரிக்காக்காரன் 1996 மாடல்லேருந்து ஓ.பி.டி. 2 கட்டாயம்னுட்டான். ஐரோப்பாவுல பெட்ரோல் காருக்கு 2001. நம்ம நாட்டுல ஓ.பி.டி. 1 வந்ததே 2010 ஏப்ரல்ல, 2 வந்தது 2013 ஏப்ரல்ல. உன் வண்டி பொறந்தது 2003. சட்டம் வர்றதுக்கு முன்னாடி பொறந்த புள்ளைகிட்டப் போயி சட்டம் பேசுறியே!

அமெரிக்காவுல வித்த மாஸ்டா மியாட்டாவையே எடுத்துக்க. 1995 மாடலுக்கு இன்ஜின் ரூம்ல ஒரு சின்னப் பெட்டி. அதுல ரெண்டு முனைய ஒயரால சேத்தா, மீட்டர் லைட்டு கண்ணடிச்சுக் கண்ணடிச்சு நோயச் சொல்லும். 1996ல 16 ஓட்டைக்கு மாறிடுச்சு. ஒரு வருசத்துல பாஷையே வேற. உன் ஸ்டார்முக்கு இன்ஜின் ரெனோ குடுத்தது, 1149 சி.சி. அந்தக் கம்பெனி பாஷை தெரிஞ்ச கருவி எந்த மெக்கானிக்கிட்ட இருக்குன்னு விசாரி.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. சாவியத் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாத. இன்ஜின் லைட்டு எரியுதா? அது எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனப்புறம் அணையணும். எரியவே இல்லையா? ‘ஒரு லைட்டும் எரியாது தம்பி, வண்டி தங்கம்’னு வித்தவன் சொன்னப்ப பல்லெல்லாம் காட்டிட்டு வந்தியே. மீட்டரக் கழட்டிப் பாரு. அங்கேருந்து பல்பப் புடுங்கி, உனக்குக் குடுத்துட்டான் மாப்ள பல்பு!

சரி, நான் சந்தைக்குப் போறேன். பளபளப்பப் பாத்து மயங்குற ஆளு நானில்ல. காம்புக்குப் பக்கத்துல ஓட்டை இருக்கான்னு பாத்துத்தான் கத்தரிக்காயே எடுப்பேன்.