ஒழுகும் குழாயும் ஒளிந்த ஸ்பேனரும்: தகடூர் நாட்டுக் கருவித் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

குழாய்க் கருவி என்பது, ஒழுகும் குழாய்க்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காத மனிதருக்கும் நடுவில் வரும் இரும்பு. தர்மபுரி மாவட்ட வீடுகளில் இது பெரும்பாலும் வாங்கப்படுவதில்லை, தானாகச் சேர்கிறது. கட்டட வேலையின்போது யாரோ விட்டுப்போன ஆக்சா பிளேடு, போர் மோட்டார் இறக்கியவர் மறந்துவிட்ட ஸ்பேனர், விற்றுவிட்ட மொபெட்டின் டூல்ஸ் பையில் மிஞ்சிய கட்டிங் பிளேயர் ஆகிய மூன்றும் ஒரு பழைய எண்ணெய் டின்னில் அடைக்கலமாகிப் பரண் ஏறினால், அது அந்த வீட்டின் கருவிப்பெட்டி. இந்தச் சேர்க்கையை எந்த அளவுக்குத் ‘தேர்வு’ என்று சொல்லலாம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இரும்பின் பழமையில் இவ்வட்டாரத்துக்குக் குறை கிடையாது. 2004 வரை தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்கும் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டு, 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டு கழித்து, ஒரு வாஷர் மாற்ற வேண்டிய நாளில் வீட்டில் இரும்பென்று கைக்கு அகப்படுவது அரிவாள்மனை மட்டுமே என்பது தொல்லியலார் இன்னும் விளக்கம் தராத இடைவெளி.

கருவித் தேர்வு பற்றி இம்மண்ணில் எழுந்த முதல் திறனாய்வு ஔவையாருடையது. இன்றைய தர்மபுரியான தகடூரை ஆண்ட அதியமானின் தூதாகப் போனவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்த வேளையைச் சேர்ந்தது. இங்கிருப்பவை பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன, அதியமானுடையவை குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். உரைகாரர்கள் இதைப் போர் பற்றியதாகவே கொண்டார்கள். பிளம்பிங் பற்றியதாகக் கொள்ளவும் தடையில்லை. பெங்களூரு மருமகன் வாங்கிவந்த, பிளாஸ்டிக் பெட்டியில் குழிகுழியாகப் பதித்து வைத்த 46 துண்டு சாக்கெட் செட் தொண்டைமான் மரபு. பிளம்பரின் சாக்குப்பையில் பல் மழுங்கி, கைப்பிடியில் ஒரு ஜி.ஐ. குழாய்த் துண்டைச் சொருகிக்கொண்டு கிடக்கும் பைப் ரிஞ்ச் அதியமான் மரபு. அந்த 46 துண்டில் சாக்கெட்டுகளின் அளவு வழக்கமாக 4 மி.மீ. தொடங்கி 14 மி.மீ.யில் முடிந்துவிடும். அரை இஞ்ச் குழாயின் நட்டோ 20 மி.மீ.க்கு மேல். ஆகவே செட்டிலிருந்து ஒரு துண்டும் தொலையாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

எந்தக் கருவி வேண்டும் என்று உண்மையில் முடிவு செய்வது தண்ணீர்தான். இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. வேறு வழியில்லாத இடத்திலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. தாண்டியதன் அடையாளம் பல்லில் காவிக்கறையாகத் தெரியும். ஜப்பானியக் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும், அது 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதும் இதற்காகவே. அதன்பின் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு சாதியாயிற்று: குடிக்க ஒகேனக்கல் தண்ணி, புழங்க போர் தண்ணி. ஃபுளோரைடு மனிதப் பல்லைப் பிடிக்கும். போர் தண்ணியின் கால்சியம் குழாயின் மரையைப் பிடிக்கும். நாலைந்து வருடத்தில் குழாயின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்து, குழாயும் நிப்பிளும் ஒரே உடலாகிவிடும். ஒகேனக்கல் லைனில் கையாலேயே கழன்று வரும் குழாய்க்கு போர் லைனில் இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. ‘மரை கழன்றவன்’ என்ற வசை போர் தண்ணி இல்லாத ஊரில்தான் பிறந்திருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி.

“எத்தன இஞ்சுங்க?”

“அரை இஞ்சுதாண்ணா.”

இருவருக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குழாயை ஸ்கேல் வைத்து அளந்தால் எங்குமே அரை இஞ்ச் வராது. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. பெயரில் இருப்பது என்றோ இருந்த உள்விட்டத்தின் நினைவு. இஞ்சுக்கு 14 மரை, மரைக்கு 55 பாகைக் கோணம் என்பது 1841இல் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் முன்வைத்த முறையின் வழிவந்தது. பாலக்கோட்டில் வாங்கிய குழாய் அரூரில் பொருந்துவது அவர் புண்ணியம்.

கருவிகளில் விரிவாகப் பேசத் தக்கது பைப் ரிஞ்ச். அமெரிக்கரான டேனியல் ஸ்டில்சன் 1869இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் மேல்தாடை வேண்டுமென்றே லொடலொடவென்று விடப்பட்டிருக்கும். வாய் திறந்த பக்கமாக இழுத்தால் தாடை சாய்ந்து பல் ஆழமாகக் கவ்வும். எதிர்ப்பக்கம் தள்ளினால் வழுக்கும். ஆட்டம் கண்ட ரிஞ்ச் என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் அதன் உயிர்நிலையையே குறை சொல்கிறார்கள். ஸ்க்ரூ ஸ்பேனருக்குப் பல் கிடையாது. பட்டை உள்ள நட்டுக்கு அது. பளபளக்கும் குரோமியக் குழாயில் ரிஞ்ச்சை வைத்தால் எலி கடித்த தேங்காய் போலாகிவிடும், அங்கே துணி சுற்றிய ஸ்க்ரூ ஸ்பேனரே முறை. வீட்டுக்குப் பத்து இஞ்ச் ரிஞ்ச் போதும் என்பது பொதுக்கருத்து. போர் லைன் உள்ள வீட்டுக்குப் பதினான்கு இஞ்சே சரி, அதுவும் இரண்டு வேண்டும்: ஒன்று திருக, மற்றது பின்னாலிருக்கும் குழாயை அசையாமல் பிடிக்க.

இரண்டாவதை மிச்சம் பிடித்தவர்களுக்கு நேர்வது ஒரே மாதிரியானது. குழாய் முதலில் அசையாது. ரிஞ்ச்சின் கைப்பிடியில் இரண்டடிக் குழாயைச் சொருகி இழுத்ததும் ‘டக்’கென்று சத்தம் கேட்கும்; கழன்றுவிட்டது என்று முகம் மலரும். கையில் வந்த குழாயின் வாலில் முறிந்த நிப்பிளின் பாதி இருக்கும், மறு பாதி சுவருக்குள். அதை எடுக்க ஆக்சா பிளேடை உள்ளே விட்டு, சாக்கெட்டின் மரையில் படாமல் நெடுக இரண்டு கோடு அறுத்து, உளியால் உட்பக்கம் மடக்கிப் பெயர்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. மாடித் தொட்டியின் கேட் வால்வும் உப்புப் பிடித்து மூடாமல் போனால் அந்த அரை மணியை நனைந்தபடியே கழிக்க வேண்டும்.

பி.வி.சி. குழாய் வந்தபின் கருவியியல் சுருங்கிவிட்டது. ஒரு பிளேடு, ஒரு டப்பா சொல்யூஷன். தேவைப்படும் அன்று சொல்யூஷன் காய்ந்திருக்கும் என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

டெஃப்லான் டேப்புக்கு மட்டும் ஒரு பத்தி தேவை. 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்சாதன வாயு தேடியபோது தற்செயலாக அகப்பட்ட பொருள் அது. அகப்பட்ட விதம் தற்செயல் என்பதற்காகச் சுற்றும் விதமும் அப்படி இருக்கலாகாது. மரையின் முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்து வலமாகச் சுற்ற வேண்டும், கோயில் பிராகாரத்தைச் சுற்றும் அதே திசை. இடமாகச் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். எத்தனை சுற்று என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ரோல் தீரும்வரை என்று கொள்வோரும் உளர்.

கருவியே தேவையில்லை என்பதும் ஒரு மரபு. கிழிந்த சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி முடிச்சிடுவது அதன் செயல்முறை. ஆய்வுலகம் ஏளனம் செய்தாலும் இதற்கு இயற்பியல் ஆதரவு உண்டு. பத்து மீட்டர் உயர நீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். மாடித் தொட்டி குழாயிலிருந்து நாலைந்து மீட்டர் உயரத்தில் இருப்பதால் அழுத்தம் அரைக் கிலோ அளவே. நல்ல ரப்பர் அதைத் தாங்கும். தாற்காலிகமாகக் கட்டிய டியூப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரோடு சேர்ந்து வெள்ளையாகி, கட்டடத்தின் உறுப்பாகிவிடுவதும் உண்டு.

எஞ்சியிருப்பது இரவல். ஒரு தெருவுக்கு நல்ல ரிஞ்ச் ஒன்றே இருக்கும். அது பின்வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவர் மச்சான் வீட்டுக்குப் போய், எதிர்வரிசையில் மோட்டார் கழற்றப் போய், யாருடையது என்ற நினைவை வழியில் எங்கேயோ உதிர்த்துவிடும். ஒருநாள் அதைக் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலேயே குழாய் ஒழுகும். பரணில் தேடி, எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, கடைசியில் நாலாவது வீட்டுக் கதவைத் தட்டுவார். உள்ளிருந்து ரிஞ்ச் வரும், கூடவே ஒரு நிபந்தனையும்: “நாளைக்குக் காலையில மறக்காம குடுத்துடுங்கண்ணா, எங்களுக்கும் வேல இருக்குது.”