கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த சாட்டிலைட்

ராக்கெட் விட உலகத்திலேயே தோதான ஊர்களில் மலேசியாவில் இருக்கும் நம் ஆயர் தாவாரும் ஒன்று. கேலி இல்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே 4 பாகையில் இருக்கிறோம். ஐரோப்பியர்கள் ராக்கெட் விடும் தென்னமெரிக்கக் கூரு 5 பாகையில் இருக்கிறது; ரஷ்யர்களின் பைகோனூர் 46-இல். பூமி சுழல்வதால் ரேகையோரத்து மண் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே நின்று கிழக்கு நோக்கி ராக்கெட் விட்டால் அந்த வேகம் ஓசியில் கிடைக்கும்.

நமக்கு ஒரே சிக்கல் கம்பார். நேர் கிழக்கே அதுதான்; அதைத் தாண்டினால் மலைத்தொடர், பகாங் காடு. ராக்கெட் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பல எஞ்சின் கட்டங்கள். எரிபொருள் தீர்ந்த கட்டம் கழன்று கீழே விழும். அதற்குக் ‘கட்டப் பிரிவு’ என்று பெயர். கூருவுக்குக் கிழக்கே அட்லாண்டிக் கடல். கடல் வக்கீல் வைக்காது. தேயிலைத் தோட்டக்காரன் வைப்பான். அதனால் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிக்காக 1996-இல் மியாசாட் துணைக்கோளை அனுப்ப மலேசியா கூருவுக்குப் போனது. ரசாக்சாட் என்ற படமெடுக்கும் துணைக்கோளை அனுப்ப வேண்டி வந்தபோது அதைவிட மலிவான ஒருவரைத் தேடிப் பிடித்தது. அவர் பெயர் ஈலான் மஸ்க்.

இன்றைய மஸ்க்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்று அவருக்கு இருந்தது பசிபிக் நடுவே ஓமெலெக் என்ற குட்டித் தீவும், பால்கன் 1 என்ற சின்ன ராக்கெட்டும்தான். 2006 மார்ச்சில் முதல் ராக்கெட் கிளம்பிய அரை நிமிடத்தில் எரிந்து விழுந்தது. காரணம், உப்புக்காற்றில் அரித்துப்போன ஓர் அலுமினிய நட்டு. லுமூட்டில் படகு வைத்திருக்கும் எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ராக்கெட் சுமந்து செல்லும் பொருளைப் ‘பேலோட்’ என்பார்கள். அன்றைய பேலோட், அமெரிக்க விமானப்படைக் கல்லூரி மாணவர்கள் செய்த துணைக்கோள். தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தத் துணைக்கோள் அதே தீவில் மஸ்க்கின் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வீடு திரும்பியது. விண்வெளிக்காரர்கள் ஒருபோதும் ‘வெடித்தது’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அனாமலி’ என்பார்கள், ஏதோ ஜாதகத்தில் சின்ன தோஷம் மாதிரி.

2007-இல் இரண்டாவது. நல்ல உயரம் வரை போனது. அப்புறம் தொட்டிக்குள் திரவ ஆக்சிஜன் அலம்ப ஆரம்பித்தது. இதற்கு ‘ஸ்லாஷ்’ என்று பெயர். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேட்டிலிருந்து இறங்கியவருக்கு விளக்கம் தேவையில்லை: வாளி ஆட, பால் ஆட, கடைசியில் ஆளும் ஆடுவார். ராக்கெட்டும் ஆடியது, எஞ்சின் நின்றது.

2008 ஆகஸ்டில் மூன்றாவது. கட்டப் பிரிவு ஒழுங்காக நடந்தது. ஆனால் அணைத்த பிறகும் கீழ்க்கட்டத்தின் புது எஞ்சினில் கொஞ்சம் உந்துவிசை மிச்சம் இருந்தது. கழற்றிவிட்ட கட்டம் பின்னாலேயே ஓடி வந்து மேல்கட்டத்தை முட்டியது. ‘ரீகான்டாக்ட்’ என்பது இதற்கான கௌரவப் பெயர். பிரிப்பதற்கு முன் சில விநாடி பொறுத்திருந்தால் போதும். அடுத்த தடவை அதைத்தான் செய்தார்கள்: நேரக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றினார்கள்.

மூன்று முறை கடலுக்குப் போன வண்டியில் எவன் சாமான் ஏற்றுவான்? நான்காவதில் 165 கிலோ அலுமினியக் கட்டியை ஏற்றினார்கள். ‘மாஸ் சிமுலேட்டர்’, அதாவது கனத்துக்காக மட்டும் வைப்பது. எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ராட்சாட் என்று பெயர் வைத்த அந்தக் கட்டி 2008 செப்டம்பரில் ஜம்மென்று சுற்றுப்பாதை சேர்ந்தது.

ஐந்தாவதில் நாம். 2009 ஜூலை 14. பணம் கட்டிய வாடிக்கையாளரின் துணைக்கோளை ஸ்பேஸ்எக்ஸ் முதன்முதலாகப் பாதையில் சேர்த்தது அன்றுதான். நம் துணிச்சலை மெச்சலாம். வேறு பெயரும் வைக்கலாம்.

ரசாக்சாட்டின் தனிச்சிறப்பு அதன் ‘சாய்வுக் கோணம்’. சுற்றுப்பாதை பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு அது. வழக்கமான படத் துணைக்கோள்கள் துருவத்துக்குத் துருவம் சுற்றும். நம் ஊரை எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும், அன்றைக்குப் பார்த்து மேகம் மூடியிருக்கும். ரசாக்சாட்டுக்குச் சாய்வு 9 பாகைதான். உலகைச் சுற்ற ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு சுற்றில் மேகம் மறைத்தால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் எடுத்த படங்கள் குறிவைத்த இடத்திலிருந்து தள்ளி விழுந்தன. இதற்குச் ‘சுட்டுப் பிழை’ என்று பெயர். ஆயர் தாவாரைக் கேட்டால் வேறோர் ஊரைக் காட்டும். மூன்றாண்டு உழைக்க வேண்டியது, ஓராண்டு சொச்சத்தில் பேச்சை நிறுத்திவிட்டது. செலவு 142 மில்லியன் வெள்ளி. தலைமைக் கணக்காய்வாளர் எழுதிய பிறகுதான் நாட்டுக்கே விவரம் தெரிந்தது.

செத்த துணைக்கோளுக்கு ‘விண்வெளிக் குப்பை’ என்று பெயர். இந்த விஷயத்தில் அலுமினியக் கட்டி யோக்கியம். எதுவும் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனது. ரசாக்சாட் இருக்கும் 685 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிசு, சீக்கிரம் கீழே இழுக்காது. அதனால் நாளுக்கு ஏறக்குறைய 14 தடவை ஆயர் தாவார் பக்கம் வந்து போகிறது. தேர்தல் இல்லாத காலத்திலும் தொகுதிக்குத் தவறாமல் வருகிற அரசாங்கச் சொத்து அது ஒன்றுதான்.