செலவில்லாத எரிமலை

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பேரன்மார்களில் ஒரு புது வகையறா கிளம்பியிருக்கிறது. தாத்தா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து பென்ஷன் வாங்கினார். பேரனுக்கு அந்த வழியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்தது, முதுகில் ஒரு மூட்டையும் ஏறிக்கொண்டது. அதோடு பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்குப் போய் எரிமலை பார்த்துத் திரும்பியவரை டீக்கடையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். "மலை எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால், "மொத்தமே எவ்ளோ ஆச்சு, சொல்லு பாப்போம்" என்பார். அந்த மலை, பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர் உயரம். உலகில் அடிக்கடி குமுறும் எரிமலைகளில் ஒன்று. அவர் மனதில் நின்றதோ, அதைப் பார்க்க டிக்கெட் கிடையாது என்பதுதான். ஊர் இவரைக் கஞ்சன் என்கிறது. என் கட்சி வேறு: இவர் கஞ்சனும் இல்லை, சிக்கனக்காரரும் இல்லை. நோட்டில் பாதிப் பக்கத்தை எழுதாமல் விடுபவர்.

அவர் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தங்கும் செலவு பூஜ்யம் என்கிறார்; அந்தத் தீவின் சேந்த் ஆந்த்ரே ஊரில் சித்தப்பாவின் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தது யார்? எரிமலை விளிம்புக்கு அரசுப் பேருந்து போகாது. வழியில் போன யாரோ ஒருவரின் காரும் பெட்ரோலும்தான் இவரை மேலே ஏற்றின. நம் ஆடி மாதம் அங்கே குளிர்காலம். லுங்கியும் பனியனுமாகப் போனவர் போர்த்திக்கொண்ட கம்பளியும் சம்பந்தி வீட்டுடையதே. மளிகை விலை பிரான்சைவிட அதிகமான ஊரில், கோயில் விசேஷத்தில் வாழையிலை போட்டுச் சோறு போட்டார்கள் என்று மெச்சுகிறார். அந்தச் சோறு சும்மா வந்ததில்லை. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் பிடித்துக் கப்பலேற்றினார்கள். கப்பல் கூலி கொடுக்காமல் போன அவர்கள் அதைக் கரும்பு வெட்டித் தீர்த்தார்கள். தமிழ் பெரும்பாலும் கைவிட்டுப் போன பிறகும் அவர்கள் வாரிசுகள் தீமிதியையும் காவடியையும் விடவில்லை. இவருடைய பூஜ்யத்துக்குப் பின்னால் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

"காசுள்ளவன் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்க்கிறான், இவன் நடந்தாவது பார்த்தானே" என்று வாதிடுவோர் உண்டு. நியாயம்தான். அந்தத் தீவின் மஃபாத் பள்ளத்தாக்குக்கு ரோடு கிடையாது. நடந்து இறங்கியவருக்கே அந்தக் குக்கிராமங்களின் முகம் தெரியும். ஆனால் அங்குள்ள தங்கும் விடுதிக்கு அரிசியும் காஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டரில்தான் வருகின்றன. அதனால் ஏறிய சோற்று விலையைப் பகல் கொள்ளை என்று இவர் திட்டும்போதுதான் நடந்த புண்ணியம் குறைகிறது. இன்னொரு வாதம்: "சொந்தக்காரன் வீட்டில் சாப்பிடுவதற்குமா கணக்கு?" கணக்கு உண்டு. மொய் நோட்டு என்று ஒன்றை வீட்டுக்கு வீடு வைத்திருப்பவர்கள் நாம். வாங்கியதை எழுதி வைத்து, முறை வரும்போது திருப்பிச் செய்வதில் நமக்கு வெட்கமே கிடையாது. வாங்கியதைச் செலவில்லாத பக்கத்தில் எழுதி, அதைத் தன் சாமர்த்தியம் என்று சொல்வதுதான் வெட்கம்.

ஆகவே உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. முன்னோர் புறப்பட்ட ஊரைத் தேடி ரெயூனியன்காரர்கள் இந்தப் பக்கம் வருவதுண்டு. ஒருநாள் அந்தச் சம்பந்தியும் குடும்பத்தோடு வில்லியனூர் தேரோட்டத்துக்கு வந்து இறங்கட்டும். தம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தால் இவர் பயணி. "பாண்டியில சல்லிசா ஒரு லாட்ஜ் இருக்குங்க, பேசி விடட்டுமா?" என்று கேட்டால், கஞ்சன் என்று ஊர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.