பூட்டிய வரைபடத்துக்கு ஒரு பாராட்டு மனு

அனுப்புநர்:
தெருத்தெருவாக நடந்து படம் வரையும் வரி செலுத்துநர்கள் சார்பாக ஒருவர்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், மாநகராட்சி அலுவலகம்.
(ஊர்ப் பெயர் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. "நம்மைச் சொல்லவில்லை, பக்கத்து ஊரைத்தான் சொல்கிறார்கள்" என்று எல்லா மாநகராட்சிகளும் நிம்மதியாக இருக்கலாம்.)

பொருள்: மாநகராட்சி – வரைபடத் தரவு – பொதுமக்கள் கைக்குப் போகாமல் காத்து வருதல் – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. வார்டு எல்லையும் தெருப் பட்டியலும் கோரிய எங்கள் மனு. 2. "மனு பரிசீலனையில் உள்ளது" என்ற தங்கள் பதில். 3. அதே பதில், வேறு தேதியில்.

ஐயா,

பார்வையில் கண்ட கடிதங்களின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது. ஈர்க்கப்படாது என்று தெரியும். மரபு கருதி எழுதுகிறோம்.

முதல் பாராட்டு, தங்கள் இணையதளத்தில் இருக்கும் வார்டு வரைபடத்துக்கு. அது ஜி.ஐ.எஸ். மென்பொருளில் பிறந்த கோப்பு. ஒவ்வொரு எல்லைக் கோடும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு கச்சிதமாகப் பதிவாகியிருந்தது. அதைப் பெரிய தாளில் அச்சிட்டு, பச்சை மையில் கையெழுத்திட்டு, வட்ட முத்திரை குத்தி, நாலாக மடித்து, பிறகு விரித்து, கொஞ்சம் சாய்வாக ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக்கி ஏற்றியிருக்கிறீர்கள். கணினிக்குத் தெரிந்திருந்த அத்தனையும் வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது. முத்திரை விழுந்த இடத்தில்தான் எங்கள் தெரு இருக்கிறது. ஆகவே நாங்கள் எந்த வார்டு என்பது அந்த முத்திரைக்கு மட்டுமே தெரியும்.

மூலக் கோப்பு வேண்டும் என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். "கோரிய வடிவில் இவ்வலுவலகத்தில் பேணப்படவில்லை" என்று பொதுத் தகவல் அலுவலர் எழுதினார். பொய் சொல்லியிருக்க மாட்டார். கோப்பு, வரைபடம் தயாரித்த கன்சல்டன்ட் கம்பெனியின் லேப்டாப்பில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி போனது, லேப்டாப்பும் கூடவே போனது. அலுவலகத்தின் வளத்தை அளவுக்கு மீறி இழுக்காத வரை, கேட்ட வடிவிலேயே தகவலைத் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 7(9) பிரிவு. ஊரைவிட்டுப் போன லேப்டாப்பைத் தேடுவது வளத்தை இழுக்கும்தான். ஒப்புக்கொள்கிறோம்.

நாங்கள் யார் என்று தாங்கள் கேட்டதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் சிலர், சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர்கள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், இரண்டு ஆசிரியைகள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற பொது வரைபடத்தில் இந்த ஊரை வரைந்துகொண்டிருக்கிறோம். 2004-ல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்தது அது. ஆரம்பித்த காரணம் தங்களுக்குப் பிடிக்கும். அந்த நாட்டு அரசின் ஆர்ட்னன்ஸ் சர்வே வைத்திருந்த வரைபடத் தரவை, உரிமக் கட்டணம் கட்டாமல் குடிமக்கள் தொட முடியவில்லை. சரி, நாமே நடந்து வரைந்துகொள்வோம் என்று ஜி.பி.எஸ். கருவியோடு கிளம்பினார்கள். 2010 ஏப்ரலில் ஆர்ட்னன்ஸ் சர்வே தன் தரவில் ஒரு பகுதியைத் தானே இலவசமாகத் திறந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் ஆறு வருடம்தான் தாக்குப்பிடித்தார்கள். தாங்கள் இன்னும் அசையவில்லை.

தங்கள் அலுவலக வரைவாளர் நல்ல மனிதர். "கொடுக்க எனக்கும் ஆசைதான் தம்பி. நாளைக்கு மேப்ப வெளிய விட்டது யாருன்னு கேட்டா, என் கையெழுத்துல்ல இருக்கும்?" என்றார். அந்தப் பயத்தை நான் கேலி செய்யப் போவதில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு வரைபடக் கொள்கை நாட்டின் வரைபடங்களையே இரண்டாகப் பிரித்து, ஒன்றை ராணுவத்துக்கும் மற்றதைப் பொதுமக்களுக்கும் என்று வைத்தது. 2013-ல் கூகுள் ஒரு போட்டி வைத்து, ஊரில் உள்ள இடங்களைக் குறியுங்கள் என்று மக்களைக் கேட்டபோது சர்வே ஆஃப் இந்தியா போலீசில் புகார் கொடுத்தது, விவகாரம் சி.பி.ஐ. வரை போனது. அதைப் பேப்பரில் படித்த எந்த வரைவாளரும் பீரோ சாவியை இடுப்பில்தான் செருகிக்கொள்வார்.

ஆனால் 2021 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் இந்தியர்களுக்கு முன் அனுமதி வேண்டாம் என்றது. பொதுப் பணத்தில் திரட்டிய தரவு, பாதுகாப்பு அமைப்புகளின் ரகசியத் தரவு தவிர்த்து, இந்தியர்கள் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கையே வந்துவிட்டது. இரண்டும் தங்கள் தபால் பிரிவில் பத்திரமாக இருக்கும். எந்த செக்ஷனுக்கு அனுப்புவது என்று முடிவானதும் மேலே வரும்.

இப்போது முக்கியமான விஷயம். தங்கள் மழைக்காலக் கட்டுப்பாட்டு அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை வைத்திருக்கிறீர்கள். பத்திரிகையாளர்களுக்கு அதைக் காட்டி, எங்கள் களப்பணியாளர்கள் தெரு தெருவாகத் துல்லியமாகப் பதிவு செய்தது என்றீர்கள். செய்திப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். திரையில் "டேங்க் முட்டுச்சந்து" என்று ஒரு தெரு. தங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு தெருவே கிடையாது. அங்கே அது "விரிவாக்கம் – 4". முட்டுச்சந்து என்று எழுதியது எங்கள் தபால்காரர். முப்பது வருடம் அங்கே கடிதம் கொடுத்தவர், அங்கிருப்பவர்கள் சொல்கிற பெயரையே போட்டார். அதாவது, எங்களுக்குத் தரவு தர மறுக்கும் அலுவலகத்தின் திரைக்கு அடியில் விரித்திருப்பது நாங்கள் வரைந்த படம்.

நாங்கள் கோபப்படவில்லை. எடுத்துக்கொள்ளத்தான் வரைந்தோம். எங்கள் படத்தின் உரிமம் காசும் கேட்பதில்லை. வரைந்தது யார் என்று ஓரத்தில் ஒரு வரி போட வேண்டும். எங்கள் தரவோடு தங்கள் தரவைக் கலந்து வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். விலை இவ்வளவுதான். அந்த ஒரு வரி வழக்கமாக வலது கீழ் மூலையில் வரும். சரியாக அந்த இடத்தில் தங்கள் மாநகராட்சிச் சின்னம் ஒட்டப்பட்டிருக்கிறது. இத்தனை பெரிய திரையில் சின்னத்துக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலும். கன்சல்டன்ட் இதற்கு "கள அளவைக் கட்டணம்" என்று பில் போட்டிருந்தால், அதில் எங்கள் தபால்காரரின் செருப்புத் தேய்மானத்தையும் சேர்த்திருப்பார் என்று நம்புகிறோம்.

ஆக, தரவுப் பரிமாற்றம் ஏற்கெனவே நடக்கிறது. ஒரே திசையில், சத்தமில்லாமல், கணக்கில் வராமல் நடக்கிறது. மறு திசையையும் திறந்து, நடப்பதைக் கணக்கில் கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இந்தத் தீய பழக்கத்தில் விழுந்த ஊர்களைத் தங்கள் எச்சரிக்கைக்காகக் குறிப்பிடுகிறோம். நியூயார்க் மாநகரம் 2012-ல், தன் தரவைத் திறந்துவிட வேண்டும் என்று தனக்கே சட்டம் போட்டுக்கொண்டது. (இங்கே அப்படியொரு சட்டம் வந்தால், தடை வாங்க முதலில் ஓடுவது யார் என்று தங்களுக்குத் தெரியும்.) அடுத்த ஓரிரு ஆண்டுகளில், மாநகராட்சி திறந்துவிட்ட சுமார் பத்து லட்சம் கட்டட வரைவுகளும் கதவு எண்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறின. அதன் பிறகு நடந்ததுதான் விபரீதம். எந்தக் கட்டடத்தை, எந்தக் கதவு எண்ணை மக்கள் திருத்தினார்கள் என்று தினமும் ஒரு மின்னஞ்சல் மாநகராட்சியின் வரைபடப் பிரிவுக்குப் போக ஏற்பாடானது. மக்கள் எழுதியதை அவர்கள் அப்படியே விழுங்கவில்லை. துப்பாக வைத்துக்கொண்டு, தாங்களே சரிபார்த்துத் தங்கள் கோப்பைத் திருத்தினார்கள். புது மாடி எழும்பியதை பில் கலெக்டருக்கு முன்பே வழிப்போக்கன் சொல்லிவிடுகிறான் என்றால் நிர்வாகத்தின் மரியாதை என்ன ஆவது?

பிரான்சில் 2015-ல் தேசிய முகவரித் தளம் ஒன்று உண்டானது. அரசின் வரைபட நிறுவனம், அஞ்சல் துறை, இவர்களோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பிரெஞ்சுத் தன்னார்வலர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். மனு கொடுப்பவருக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள், ஐயா.

அவ்வளவு தூரம் எதற்கு? 2018 வெள்ளம் வடிந்ததும் கேரள அரசே தன் தகவல் தொழில்நுட்ப மிஷன் வழியாக "மேப்பத்தான் கேரளம்" என்று 2019-ல் தொடங்கி, வாருங்கள், ஊரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையலாம் என்று மக்களைக் கூப்பிட்டது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒருவர் குறித்தால் சி.பி.ஐ., இன்னொருவர் குறித்தால் அரசு அழைப்பு. இடையில் ஓடியது ஆறு வருடம்தான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இந்த வரைபடத்தின் மேல்தான் தன்னார்வலர்கள் ஒரு பக்கத்தைத் தயார் செய்தார்கள். தெருவைத் தொட்டால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பதிவாகும். மொட்டை மாடியில் நின்றவர்களும், வெளியூரில் தவித்த பிள்ளைகளும் அதில் தெருக்களைக் குறித்தார்கள். அந்த வாரம் யாரும் ந.க. எண் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தங்கள் சட்டப் பிரிவு எழுதும். எங்கள் படத்தில் காபிக்கடைகள் நெருக்கமாக இருக்கும், ஏ.டி.எம். எல்லாம் இருக்கும். மாநகராட்சி ஆனபோது சேர்த்துக்கொண்டீர்களே, அந்த ஊராட்சிகளின் பக்கம் பாதி வெள்ளையாகக் கிடக்கும். குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பின் பிளாக் எண்கள் இருக்காது. தன்னார்வலன் தான் குடியிருக்கும் தெருவைத்தான் முதலில் வரைவான். ஃபோனும் நேரமும் இருக்கிற தெருவில்தான் தன்னார்வலனும் அதிகம். ஆனால் தங்கள் ஆட்கள் எல்லா வீட்டுக்கும் போகிறார்கள். சொத்து வரிக்கு, குடிநீர் வரிக்கு, கொசு மருந்துக்கு. அந்த வெள்ளை இடங்களை நிரப்பும் விவரம் இந்த ஊரில் தங்கள் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மக்கள் வரைபடம் இருக்கும்போது அரசுத் தரவு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. அவர்களை அந்த விரிவாக்கப் பகுதிக்கு ஒருமுறை ஆம்புலன்ஸில் அனுப்பிப் பார்க்கலாம்.

தருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிடுவோம் என்ற அச்சமும் வேண்டாம். 2007, 2008 வாக்கில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவை ஒட்டுமொத்தமாக ஏற்றியபோது, இல்லாத சாலைகளும் இடம் மாறிய சாலைகளும் சேர்ந்தே ஏறின. அவற்றைக் கையால் திருத்தும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. அதிலிருந்து இந்தச் சமூகத்தில் கறாரான வழக்கம் வந்தது: மொத்தமாக எதையும் ஏற்றுமுன் உரிமத்தைப் பார்க்க வேண்டும், பொதுவில் விவாதிக்க வேண்டும், ஏற்கெனவே ஒருவர் வரைந்ததை அழிக்கக் கூடாது. அரசு முத்திரை இருக்கிறது என்பதற்காகத் தங்கள் கோப்பை நம்பிவிட மாட்டோம். இது தங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. எங்கள் படத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால், எந்தப் பயனர், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று உலகமே பார்க்கும்படி பதிவாகும். பழைய கோடும் வரலாற்றில் இருக்கும். மாற்றங்களின் பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் வெளியாகிறது. தங்கள் வரைபடத்திலும் கையெழுத்து இருக்கிறது. அது யாருடையது என்று மூன்று செக்ஷனில் விசாரித்தோம்.

எங்களோடு ஒத்துப்போவது பிறகு இருக்கட்டும், ஐயா. ஒரே வீட்டின் மின் அட்டையில் ஒரு தெருப் பெயர், குடிநீர் வரி ரசீதில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் இன்னொன்று, தெருமுனைப் பலகையில் எழுத்துப் பிழையோடு நாலாவது. தங்கள் கீழ்த்தளமும் மாடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. தெருவுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை இரண்டு படத்திலும் பதிந்துவிட்டால், பெயர் எத்தனை முறை மாறினாலும் இது அதே தெரு என்று கணினி கண்டுபிடித்துவிடும். மாறியதை மட்டும் எடுத்து ஒரு மனிதர் பார்த்து, சரி அல்லது தவறு என்று சொன்னால் போதும். வாரத்தில் அரை நாள் வேலை. வரைவாளரையே போடலாம், அவர் இங்கே அனைவரையும்விட நன்றாக வரைகிறார்.

இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. இதுதான் இத்திட்டத்தின் மாபெரும் குறை என்பதை உணர்ந்தே இருக்கிறோம். டெண்டர் இல்லை, மதிப்பீட்டுத் தொகை இல்லை, கல்வெட்டு வைக்கச் சுவர்கூட இல்லை. பரிகாரமாக ஒன்று செய்யலாம்: கோப்பைப் பதிவேற்றும் கணினிக்கு ரிப்பன் கட்டித் தருகிறோம். மாண்புமிகு மேயர் அவர்கள் வெட்டட்டும். துணை மேயரும் மண்டலக் குழுத் தலைவர்களும் நிற்க இடம் ஏற்பாடு செய்யப்படும். சால்வை எங்கள் செலவு.

இம்மனுவும் வழக்கம்போல் பரிசீலனையில் இருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கட்டுப்பாட்டு அறைத் திரையின் பின்னணிப் படத்தை வரைந்தவர்களில் ஒருவர்.

நகல்: 1. நகரமைப்பு அலுவலர் – தகவலுக்காக. 2. வரைவாளர் – பயப்பட வேண்டாம், தங்கள் பெயர் எங்கும் இல்லை.

இணைப்பு: பென்டிரைவ் – 1 (காலி).