ஹை பானட் ஜீப்பும் மூலபாடச் சிக்கலும்

காடுமேடு ஏறும் ஜீப்பை வாங்கிக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி வாழும் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை வரவில்லை என்று எழுதித்தான் கட்டுரையைத் தொடங்க வேண்டும் என்பது ஆய்வு மரபு. அப்படி எழுதுமுன் தேடிப் பார்க்க வேண்டும் என்பது மரபில் இல்லை. ஆகவே தொடங்குகிறோம்.

முதலில் பொழுதுபோக்கு ஜீப் என்பது யாது? சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் இதில் அடங்காது. அது சோற்றுக்கு ஓடுகிறது. காலையில் நின்றுபோனால் மாலைக்குள் கம்பியைக் கட்டியாவது ஓட வைத்துவிடுவார்கள். பொழுதுபோக்கு ஜீப்புக்கு இந்த நெருக்கடி கிடையாது. ஓடுதல்தானே வண்டியின் இலக்கணம் எனின், அற்றன்று. பெரும்பான்மை பற்றியே இலக்கணம் கூறப்படும். இந்த வண்டி பெரும்பான்மையும் தார்ப்பாய்க்கு அடியிலோ, ஜாக்கிக்கு மேலேயோ நிற்பது. ஓட்டம் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையும் எதற்கு எனின், பழுது சேகரிப்பதற்கு. ஞாயிற்றுக்கிழமை மலைப்பயணம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது உண்மையில் களப்பணி. அங்கே திரட்டிய தரவுகளை வைத்துத்தான் அடுத்த ஆறு வாரம் பட்டறையில் ஓட வேண்டும்.

உடைமையாளரை நால்வகையாகப் பகுப்பர். வாங்கியதை வாங்கியபடியே வைத்திருப்போர் ஆய்வுக்கு உரியர் அல்லர். ஸ்டிக்கர் ஒட்டுவோரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்றாமவர் டயரார். நான்காமவர் மூலபாடத்தார், அவர்களுக்கு வருவோம்.

டயரார் கதை தருக்க நூலார் அனவஸ்தை என்று சொல்லும் குற்றத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு. பெரிய டயர் போடுகிறார். ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. உரசாதிருக்க ஷேக்கிளை நீட்டி, பட்டா சேர்த்து வண்டியைத் தூக்குகிறார். தூக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்ந்து, யூ.ஜே. கிராஸ் உதறுகிறது. உதறல் நிற்க டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குகிறார். இறக்கியதில் கியர் ராடு தன் பழைய இடத்தில் இல்லை. இதற்கிடையே டயர் கனத்ததால் பிரேக் பிடிக்கவில்லை. பிரேக்கைப் பார்க்கப் போனால் ஸ்டியரிங் கனக்கிறது. டயரின் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடியதால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போகிறது என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டியதும் இல்லை. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது (பட்டறைக் கணக்கு நோட்டு, பக். 4).

இனி மூலபாடம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற இரு பெயரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைச்சக்தி, தாழ்ந்த பானட். போர் முடிந்தபின் மகிந்திராவினர் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கினார்கள். பானட் உயர்ந்த வடிவமான சி.ஜே.3பி 1953இல்தான் பிறந்தது. புது எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வு தலைப்பாகத்துக்கு ஏறிவிட்டதால் எஞ்சின் உயரமாயிற்று. பானட்டும் வேறு வழியின்றி உயர்ந்தது. நம்மூரில் ஹை பானட் என்று வழங்குவது இதன் வழி வந்தது. இவ்வளவும் வரலாறு.

இப்போது கோவைப் பக்கம் ஹை பானட் வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். “நாப்பத்தி நாலு மாடலுங்க. வேர்ல்ட் வார்ல ஓடுன வண்டி” என்பார். போர் முடிந்து எட்டாண்டு கழித்துப் பிறந்த வடிவம் போரில் கலந்துகொண்டது எங்ஙனம் எனின், “மிலிட்டரிக்குன்னு முன்னாடியே ஸ்பெஷலா செஞ்சதுங்க” என்பது விடை. இதைக் கேட்டு நகைக்கலாகாது. தன் கையில் உள்ளதன் காலத்தை முடிந்தவரை பின்னால் தள்ளி நிறுத்துவதும், சான்று எதிரே வந்தால் சான்றைத் திருத்துவதும் ஜீப்காரர் கண்டுபிடித்த முறையல்ல. அதை வளர்த்தெடுத்தவர்கள் பல்கலைக்கழகங்களில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அகச்சான்றுகளுக்கு வருவோம். போர்க்கால வண்டியின் முகக் கிரில்லில் ஒன்பது பிளவுகள். பின்வந்த பொதுமக்கள் ஜீப்பில் ஏழு. இதைக் கொண்டு காலம் கணிப்போர் பிளவுக் கொள்கையினர். முன் பக்கம் சேஸிஸின் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், சதுரக் கட்டையாக இருந்தால் ஃபோர்டு என்போர் குழாய்க் கொள்கையினர். ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது; டார்ச் வெளிச்சத்தில் அந்த ‘எஃப்’பைத் தேடி வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்போரைக் கல்வெட்டியலார் எனல் தகும். மூவரும் ஒருவரை ஒருவர் மதிப்பதில்லை. கோவையில் ஒருவர் மூன்று கட்சியாரையும் ஒரே நாளில் வாயடைத்தார். சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் ஒன்பது பிளவுக் கிரில் ஒன்றை வாங்கி வந்து, தம் ஹை பானட்டின் முகத்தில் வெல்டு வைத்துவிட்டார். இடைச்செருகல் என்று நாம் சொன்னோம். “ஒரிஜினலுங்க, பில்லு இருக்கு” என்றார் (டீக்கடை வாய்மொழி, இரண்டாம் கிளாஸ், சர்க்கரை கம்மி).

இப்படி ஒரு சராசரி ஜீப்பைப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் அடுக்குகள் வருமாறு: சேஸிஸ் ராணுவ ஏலத்தில் எடுத்தது. பாடி, பஞ்சாப் எல்லையை ஒட்டிய அரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டியது. அங்கே பழைய ஜீப்பைப் புத்தம் புதிதாகச் செய்து தருவதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் பெஜோ டீசல். பவர் ஸ்டியரிங் ஒரு பொலேரோவிலிருந்து. சீட் யாரோ கழித்துப் போட்ட மாருதி. மூலம் என்று எஞ்சுவது எண் பொறித்த தகடு ஒன்றே. அதன் நான்கு ரிவெட்டில் இரண்டு புதிது. கடைசி ஏட்டைத் தவிர எல்லாம் செல்லரித்த சுவடியைப் பதிப்பித்தவரின் துயரம் இந்த உடைமையாளருக்கு இல்லை. செல்லரித்த ஏடுகளை அவரே டின் ஷீட்டில் எழுதிச் சேர்த்துவிட்டார்.

ஆனால் காலக் கணிப்புக்குப் பிளவும் குழாயும் உதவா. போல்ட்டே உதவும் என்பது நம் துணிபு. இதை விரித்துரைக்காமல் விடுவது அறமாகாது. பழைய ஜீப்பின் போல்ட்டுகள் அங்குல அளவு. பின்வந்த பாகங்கள் மில்லிமீட்டர் அளவு. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். அதற்கு 13ஆம் நம்பர் ஸ்பானரைப் போட்டால் உள்ளே போகும், 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் ஸ்பானரின் வாலுக்குக் குழாய் மாட்டி அழுத்தினால் அந்த ஆட்டமே போல்ட் தலையின் மூலைகளைத் தின்றுவிடும். ஆகவே மூலை மழுங்கிய அரை அங்குலப் போல்ட் ஓரிடத்தில் கிடைத்தால், நமக்கு முன் அந்தப் பகுதிக்கு உரை கண்டவர் 13ஆம் நம்பர்ப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று துணியலாம். 9/16 அங்குலம் 14.29 மில்லிமீட்டர், அதற்கு 14 நுழையாது, 15 வழுக்கும். அங்கே உளியால் கொத்திய வடு இருந்தால் உரையாசிரியர் பொறுமை இழந்த காலம் என்று கொள்க. 5/8 அங்குலத்துக்கோ 16ஆம் நம்பர் கச்சிதமாகப் பொருந்தும். இந்த ஒரு பொருத்தத்தைக் கொண்டு, அங்குலமும் மில்லிமீட்டரும் ஒரே தொல்மூலத்திலிருந்து பிரிந்தவை என்று நிறுவலாம், இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் பட்டம் கொடுத்திருக்கிறார்கள் (பழைய இரும்புக் கடை எடைச்சீட்டு, எண்ணெய் படிந்த மூன்றாம் தாளின் மறுபக்கம், பென்சில் எழுத்து, மழையில் நனைந்த பாகம் நீங்கலாக, அதற்கு மெக்கானிக்கின் மச்சான் சொன்ன உரை, அவ்வுரைக்கு மெக்கானிக் சொன்ன கண்டனம், இருவரும் பேசிக்கொள்வதில்லை ஆதலால் தனித்தனியே கேட்டது).

அரசு எந்தக் கட்சி எனின், மூலபாடக் கட்சி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. 2017 டிசம்பரிலேயே முன்பக்கத்து இரும்புக் காவல் கம்பியை அரசு விலக்கிவிட்டது. இதன் பயனாக, ஆர்.சி. புதுப்பிக்கும் நாளன்று மட்டும் ஊரில் உள்ள ஜீப்புகள் எல்லாம் பாடபேதம் நீங்கிய செம்பதிப்பாகக் காட்சி தரும். கழற்றிய டயரும் கம்பியும் வின்ச்சும் அன்று மச்சான் வீட்டுத் திண்ணையில் இருக்கும். ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி நாலு கருத்தரங்கில் படிப்பது உண்டு. ஒரே ஜோடி ஸ்டாக் டயர் அப்படி நாலு வண்டிக்கு மாறி மாறி ஆர்.டி.ஓ. அலுவலக வாசலைக் கண்டிருக்கிறது.

ஸ்னார்க்கல் பற்றி ஒரு சொல். எஞ்சின் மூச்சை விண்ட்ஷீல்டு உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய் அது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும்; அதற்காகவே ஆறு கடப்போர் பூட்டுவது. கோவையில் இவ்வளவு ஸ்னார்க்கல் எதற்கு எனின், பருவமழையன்று லங்கா கார்னர் பாலத்தடியைக் கண்டவர் இவ்வினாவை எழுப்பார்.

இனிச் சத்தவியல். புறப்படும்போதும் ரிவர்ஸ் மாற்றும்போதும் ‘டங்’ என்றால் யூ.ஜே. கிராஸ். பள்ளத்தில் இறங்கினால் ‘கிறீச்’ என்றால் ஷேக்கிள் புஷ். வேகத்தோடு ஏறும் ‘ஊ’ வீல் பேரிங். எதிலும் சேராத சத்தத்துக்கு மெக்கானிக் நீண்ட ஸ்குரூ டிரைவரை எடுப்பார். நுனியை ஹவுசிங்கில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு பட்டறையில் நிகழ்ந்த உரையாடலை ஏட்டில் உள்ளபடியே தருகிறோம்.

“ஏனுங்ணா, சத்தம் எங்கிருந்து வருதுங்க?”

“எப்ப வருதுங்க சார்?”

“ஓட்டுனா வருதுங்ணா.”

“அப்ப ஓட்டாதீங்க.”

இதனின் மேம்பட்ட உரை இத்துறையில் இதுவரை எழவில்லை.

இறுதியாக ஒரு தடை. இதை எழுப்புவோர் பெரும்பாலும் உடைமையாளரின் மனைவியர். சமையலறை வாயிலில் நின்று எழுப்புவர். இந்தப் பழைய வண்டிக்குப் போட்ட பணத்தில் இன்னொரு வண்டி வாங்கியிருக்கலாமே எனின், வாங்கலாம். வாங்கியும் இருக்கிறார். உதிரிபாகத்துக்கென்று எடுத்த இன்னொரு ஹை பானட் அது. முதல் வண்டிக்கு வேண்டிய கியர்பாக்ஸை அதிலிருந்து இறக்குவதாகத்தான் ஏற்பாடு. இறக்கப் போனபோது அதன் சேஸிஸ் நன்றாக இருப்பது தெரிந்தது. இப்போது முதல் வண்டியின் பாகங்களை எடுத்து அதைச் சரி செய்துகொண்டிருக்கிறார்.